கப்பலுக்கு வயது மூன்று, ஹெலிக்கு அறுபத்தாறு

பழைய சிறகுகள் – 11

1992 ஏப்ரல் 21. ‘ரேஞ்சர்’ என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் இரண்டு பி-25 குண்டுவீச்சு விமானங்கள் நிற்கின்றன. பெற்றோலில் ஓடுகிற, இரண்டாம் உலகப்போர்க் காலத்து இரட்டை இயந்திர விமானங்கள். சுற்றிவர ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட விருந்தினர். அவர்களில் பத்திரிகைக்காரர் ஒரு பெருங்கூட்டம். இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி எழும்பிக் கரைக்குப் போயின. கப்பலுக்குத் திரும்பி வரவில்லை. வரவும் முடியாது.

1942 ஏப்ரல் 18இல் ஜிம்மி டூலிட்டில் தலைமையில் 16 பி-25கள் ‘ஹோர்னெட்’ கப்பலிலிருந்து கிளம்பி ஜப்பான்மீது குண்டு போட்டன. அதன் ஐம்பதாம் ஆண்டு நினைவுக்குத்தான் இந்த ஏற்பாடு. தரை ஓடுபாதைக்கென்று செய்த விமானத்தைக் கப்பலிலிருந்து கிளப்புவது அன்றைக்கு ஒரு துணிச்சலான சூதாட்டம். வரிசையில் முதலாவதாக நின்ற டூலிட்டிலுக்கு ஓடக் கிடைத்த தூரம் 142 மீற்றர்தான். அவர் எழும்பியதன் இரகசியம் காற்று. கப்பல் காற்றை எதிர்த்து முழு வேகத்தில் ஓடும்போது, அசையாமல் நிற்கிற விமானத்தின் இறக்கைமேலேயே நல்ல காற்று ஓடிக்கொண்டிருக்கும். எழும்பத் தேவையான வேகத்தில் ஒரு பெரும்பங்கைக் கப்பலே கொடுத்துவிடும். மிச்சத்தை மட்டும் விமானம் ஓடிச் சேர்த்தால் போதும். ஐம்பது வருஷம் கழித்து ரேஞ்சரில் நடந்ததும் இதே கணக்குத்தான். தளம் மட்டும் முன்னூறு மீற்றருக்கு மேல்.

நவீன கப்பல் ஒன்றில் பழைய விமானம் எவ்வளவு அந்நியமானது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ரேஞ்சரிடம் நீராவி எறிபொறி இருந்தது. இருபது தொன்னுக்கு மேற்பட்ட ஜெட்டை இரண்டே வினாடியில் வீசி எறியக்கூடியது. அந்த இழுவையைத் தாங்குகிற முன்சக்கரம் பி-25க்கு இல்லை. இறங்கும்போது வடத்தில் மாட்டுகிற கொக்கியும் இல்லை. ஆகவே துறைமுகத்தில் பாரந்தூக்கியால் தூக்கிவைத்து, கடலுக்குக் கொண்டுபோய், ஒருவழிப் பயணமாக அனுப்பிவைக்க வேண்டியதுதான்.

அதைவிடப் பெரிய சங்கடம் எரிபொருள். பழைய இயந்திரங்கள் குடிப்பது விமானப் பெற்றோல். இன்றைய போர்க்கப்பல்கள் அதைக் கிட்ட அண்டவே விடுவதில்லை. 1942 மே 8இல் பவளக் கடற்போரில் ‘லெக்சிங்டன்’ கப்பல் அடிவாங்கியும் மிதந்துகொண்டுதான் இருந்தது. உடைந்த தாங்கிகளிலிருந்து கசிந்த பெற்றோல் ஆவி உள்ளே தேங்கித் தீப்பற்றிய பிறகுதான் அதன் கதை முடிந்தது. 1944இல் ஜப்பானின் புத்தம்புதிய ‘தைஹோ’வுக்கும் ஏறக்குறைய அதே முடிவு. ஜெட் காலம் வந்ததும் கடற்படைகள் எளிதில் பற்றாத கனத்த மண்ணெண்ணெய் வகைக்கு மாறின. 60 பாகை செல்சியஸ் சூடாகும்வரை தீப்பொறிக்கு மசியாத எண்ணெய் அது. அப்படிப்பட்ட கப்பலில் ஒரு பெற்றோல் விமானத்தை ஏற்றினால் அதை வெடிபொருள்போலக் காவல் காக்க வேண்டும்.

1995இல் போர் முடிந்த ஐம்பதாம் ஆண்டுக்கு ‘கார்ல் வின்சன்’ அணுசக்திக் கப்பலிலிருந்து ஹவாய்க்கு அருகே இப்படிப் பழைய விமானங்கள் பறந்தன. 2020இல் எழுபத்தைந்தாம் ஆண்டுக்கு ‘எசெக்ஸ்’ அவற்றை ஹவாய்க்குச் சுமந்துபோய்த் துறைமுகத்தில் இறக்கிவிட்டதோடு சரி. எல்லாம் விழாக்கள். குறை சொல்லவில்லை, விழாவும் வேண்டும்தான். ஆனால் நான் எழுத வந்தது விழாவைப் பற்றியல்ல.

2025 நவம்பர் கடைசி வாரம். இலங்கைக் கடற்படையின் 75ஆம் ஆண்டையொட்டிய சர்வதேசக் கப்பல் அணிவகுப்புக்காக இந்தியாவின் ‘விக்ராந்த்’ விமானந்தாங்கி கொழும்புக்கு வந்திருந்தது. கொச்சியில் கட்டிய கப்பல். 2022 செப்டம்பர் 2இல் சேவைக்கு வந்தது. நீளம் 262 மீற்றர், எடை ஏறத்தாழ 45,000 தொன். வரவேற்பு, வாத்தியம், வெள்ளை உடை எல்லாவற்றுக்கும் ஆயத்தமாக வந்த கப்பல். அதே வாரத்தில் டித்வா புயல் வந்தது.

அந்த நாட்களைப் பற்றி மலையகத்து வாசகருக்கு நான் எழுதத் தேவையில்லை. உயிரிழப்பு மிக அதிகமாக இருந்தது நம்முடைய கண்டி மாவட்டத்தில். தெல்தோட்டையிலிருந்து பேராதனைக்குப் போக வேண்டுமென்றால் கலஹா வழியாக மலையைச் சுற்றிச் சுற்றித்தான் இறங்க வேண்டும். மலையே இறங்கி வருகிற நாளில் பாதைகளை நம்பி என்ன பயன்? மின்சாரம் இல்லை, ‘சிக்னல்’ இல்லை, மேலே ஏதாவது இரைந்தால் எல்லோரும் வாசலுக்கு ஓடி வானத்தைப் பார்த்தோம். எந்த நாட்டு ஹெலி, எந்த வகை என்றெல்லாம் அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, வழக்கமாக அதையே கேட்டுக்கொண்டிருக்கும் நான் உட்பட.

பிறகு கேட்டறிந்தது இது. கொத்மலைப் பக்கம் சிக்கியவர்களை ஏற்றிப்போனவை இந்திய விமானப்படையின் எம்ஐ-17கள். விக்ராந்திலிருந்து தேடல், மீட்புக்கென்று கிளம்பியவையோ சேத்தக் ஹெலிகொப்டர்கள். செய்தியில் அந்தப் பெயரைக் கண்டதும் இந்தத் தொடருக்கு ஓர் அத்தியாயம் கிடைத்துவிட்டது என்று தெரிந்தது.

சேத்தக் என்பது பிரான்சில் பிறந்த ‘அலுவெத் 3’. முதன்முதல் பறந்தது 1959 பெப்ரவரி 28இல். எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கா பிரதமராக இருந்த காலம். நம்முடைய ஆட்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லாத காலம். 1960களில் இந்தியாவின் எச்.ஏ.எல். நிறுவனம் அனுமதி பெற்று பெங்களூரில் கட்டத் தொடங்கியது. மேவாரின் ராணா பிரதாப் ஏறிய குதிரையின் பெயரை வைத்தார்கள். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தலைப்பில் உள்ள அறுபத்தாறு, வடிவமைப்பின் வயது. கொழும்பில் நின்ற ஹெலிகள் 1959இல் செய்தவையல்ல. பெங்களூரில் பின்னாளில் கட்டியவை. ஆனால் ஓட்டுபவர் கையில் இருப்பது அதே 1950களின் சிந்தனை: ஒற்றை இயந்திரம், மூன்று விசிறித் தகடு, பெரிய கண்ணாடி மூக்கு, ஏழு பேருக்கு இடம், முழுச் சுமையோடு 2,200 கிலோ.

விக்ராந்தில் இருக்கும் மிக்-29கே, இருபது தொன்னைத் தாண்டும் ஜெட். அதற்குப் பக்கத்தில் இந்தச் சின்னஞ்சிறு ஹெலிக்கு என்ன வேலை? வேலை இருக்கிறது. ஜெட்கள் கிளம்பும்போதும் இறங்கும்போதும் கப்பலுக்குப் பக்கவாட்டில் ஒரு ஹெலி காவலாகப் பறந்துகொண்டிருக்கும். விமானி கடலில் விழுந்தால் சில நிமிடத்தில் வடம் இறக்கித் தூக்க வேண்டும். எந்த விமானந்தாங்கியிலும் இது ஓயாத வேலை; எவரும் படம் பிடிக்காத வேலையும்கூட. ஜெட் பறக்கும் நேரமெல்லாம் இது பறக்க வேண்டும், ஆனால் இது பறந்ததைப் பற்றி ஒரு வரி செய்தி வராது.

இதற்கு முன்னிருந்த பழைய விக்ராந்தும் இதே ஹெலியைச் சுமந்ததுதான். 1961 மார்ச் 4இல் பெல்பாஸ்டில் இந்தியக் கொடி ஏற்றி, 1997 ஜனவரி 31இல் ஓய்வுபெற்ற கப்பல் அது. 1971 டிசம்பரில் வங்கக் கடலில் நின்றுகொண்டு தன் ஸீ ஹோக் விமானங்களைச் சிட்டகொங்குக்கும் கொக்ஸ் பஸாருக்கும் அனுப்பியது. அந்த ஸீ ஹோக்குகள் போய்விட்டன. அதே கப்பலில் நின்ற அலிஸே விமானங்களும் போய்விட்டன. அவற்றுக்குப் பிறகு வந்த ஸீ ஹரியர்களும் 2016இல் போய்விட்டன. பழைய விக்ராந்தே மும்பையில் பல ஆண்டு அருங்காட்சியகமாக நின்று, பின் உடைக்கப்பட்டு, அதன் இரும்பில் ஒரு பகுதி ‘பஜாஜ்’ மோட்டார் சைக்கிளுக்குள் போய்ச் சேர்ந்தது. கப்பல் மோட்டார் சைக்கிளாகி ஓடுகிறது, அதில் நின்ற ஹெலி வகை இன்னும் ஹெலியாகவே பறக்கிறது!

எப்படித் தப்பியது என்பதற்கு விடை, மேலே ரேஞ்சரில் பார்த்த சங்கடங்களிலேயே இருக்கிறது. அவற்றில் ஒன்றுகூட சேத்தக்குக்கு இல்லை. நேரே எழும்பும், நேரே இறங்கும். எறிபொறியும் வேண்டாம், வடமும் வேண்டாம். அதன் ‘ஆர்தூஸ்த்’ இயந்திரம் அந்தக் காலத்திலேயே விசைச்சுழலி வகை. ஜெட் குடிக்கும் அதே எண்ணெயையே குடிக்கும். விசிறித் தகடுகளை மடித்துச் சின்ன மூலையில் ஒதுக்கிவிடலாம். சக்கரம் இருப்பதால் இரண்டு மூன்று பேர் தள்ளிக்கொண்டு போகலாம். அதற்கென்று கப்பல் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

இன்னொன்று, மலையேற்றம். 1960இல் ஓர் அலுவெத் 3 ஏழு பேரோடு ஐரோப்பாவின் மோன் பிளாங் சிகரத்தில், 4,810 மீற்றர் உயரத்தில், இறங்கி எழும்பியது. அதே ஆண்டில் இமயத்தில் 6,004 மீற்றரில் இறங்கிக் காட்டியது. நம்முடைய பிதுருதலாகலை 2,524 மீற்றர். கடற்படை ஹெலி என்று பெயரே தவிர, பிறவியில் இது மலைக்காரன்.

ஹந்தானையில் பழைய தொழிற்சாலையொன்றில் தேயிலை நூதனசாலை இருக்கிறது. காலாவதியான கொழுந்தரைக்கும் ரோலர்களுக்கு எண்ணெய் பூசி, விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள், பார்க்க அழகு. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்ட லூல்கந்துரையைச் சுற்றி, எங்கள் பக்கத்துத் தோட்டத் தொழிற்சாலைகளிலோ தாத்தா காலத்து ரோலர் இன்றைக்கும் கொழுந்தை உருட்டிக்கொண்டிருக்கும், யாரும் அதற்கு விளக்குப் போடுவதில்லை. ரேஞ்சரில் பறந்த பி-25 முதல் வகை. விக்ராந்தின் சேத்தக் இரண்டாவது வகை.

இரண்டாவது வகையை ரசிக்கும்போது ஒரு உறுத்தலும் கூடவே வருகிறது. நூதனசாலைப் பொருள் யாரையும் கொல்லாது. 2023 நவம்பர் 4இல் கொச்சி கடற்படைத் தளத்தில் ஒரு சேத்தக் விபத்துக்குள்ளாகித் தரையில் நின்ற பணியாளர் ஒருவர் இறந்தார். அதற்கு வெகு முன்பே, 2015இல், சேத்தக்கும் அதன் உடன்பிறப்பான சீட்டாவும் ஓட்டுகிற இராணுவ அதிகாரிகளின் மனைவியர் ஒன்றுசேர்ந்து, இவற்றை நிறுத்துங்கள் என்று அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பரிக்கரிடம் முறையிட்டார்கள். 2018 ஓகஸ்டில் கடற்படைக்கு 111 புதிய ஹெலிகள் வாங்க, 21,000 கோடி இந்திய ரூபாவுக்கு மேல் ஒப்புதலும் கிடைத்தது. அதற்குப் பிறகு ஏழு ஆண்டு ஓடி, கொழும்புக்கு வந்த கப்பலில் நின்றது சேத்தக்தான். பிறந்த நாட்டில் கதை வேறு. பிரெஞ்சுக் கடற்படை தன் கடைசி அலுவெத் 3களுக்கு ஓய்வு கொடுத்தது 2022இல், அதாவது விக்ராந்த் சேவைக்கு வந்த அதே ஆண்டில்.

நம் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இலங்கை விமானப்படையின் பெல் 212, 1968இல் முதலில் பறந்த வகை. அந்த வெள்ள நாட்களில் அவையும் இரவு பகல் பாராமல் உழைத்தன. நவம்பர் 30இல் லுணுவிலப் பகுதியில் நிவாரண வேலையில் இருந்த ஒன்று ஆற்றோரம் விழுந்தது, விமானி உயிரிழந்தார். விபத்துக்கு வயதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஐம்பது, அறுபது ஆண்டு பழைய வடிவங்களை மழையிலும் மூட்டத்திலும் ஓட்டுகிறவர்கள், எல்லாம் சரியாக இருக்கிற நாளில் பறக்கும் பொழுதுபோக்கு விமானிகள் அல்ல. ரேஞ்சர் விழாவுக்கு வானம் தெளியும்வரை காத்திருக்கலாம். டித்வாவுக்கு யார் காத்திருப்பது?

அதனால் என் கட்சி சற்றுக் குழப்பமானதுதான். பழைய விமானங்களைப் பற்றி வாரம் தவறாமல் எழுதுகிறவன், இந்த ஒன்று மட்டும் சீக்கிரம் நூதனசாலைக்குப் போக வேண்டும் என்று விரும்புகிறேன். கோவாவின் கடற்படை விமான அருங்காட்சியகத்தில் ஸீ ஹோக்கும் அலிஸேயும் ஏற்கெனவே நிற்கின்றன. பழைய கப்பலில் கூடவே இருந்த கூட்டாளிகள். பக்கத்தில் இன்னொன்றுக்கு இடம் பிடித்துவைப்பது பெரிய காரியமில்லை. வாங்க வேண்டியதை வாங்கினால் போதும்.

அடுத்த வாரம்: விமானமே இல்லாமல் மூழ்கிய விமானந்தாங்கி. 1942 ஏப்ரல் 9இல் மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹெர்மீஸ்’ ஜப்பானிய விமானங்களிடம் அகப்பட்டபோது அதன் சொந்த விமானங்கள் திருகோணமலைத் தரையில் நின்றது ஏன் என்று பார்ப்போம்.