உங்களுக்குத் தெரியுமா? ரெப்ளிகா வீல் வாங்கும் முன்…

● ரேஸ் நிறுவனத்தின் டி.ஈ.37 வீல் 1996-இல் வந்தது. பெயரிலுள்ள 37, அதன் 15 அங்குல வீலின் எடையான 3.7 கிலோவைக் குறிக்கிறது. அச்சு அசலாக அதே ஆறு ஆரக்கால்களோடு மலிவான ரெப்ளிகா கிடைக்கும். ஆனால் அந்த எடை கிடைக்காது. அசல், அலுமினியத்தைப் பெரும் அழுத்தத்தில் நசுக்கிச் செய்தது. ரெப்ளிகா பெரும்பாலும் உருக்கி வார்த்தது. பெரிய பள்ளத்தில் இறங்கினால் முன்னது பொதுவாக நெளியும், பின்னது விரிசல் விடும்.

● டொயோட்டா 86 ஸ்போர்ட்ஸ் கூப்பே தயாரானது சுபாருவின் குன்மா ஆலையில். அதனால் வீல் அளவும் சுபாரு அளவுதான்: 5 போல்ட், 100 மி.மீ. வட்டம். பல ஜப்பான் கார்களுக்குப் பொருந்தும் 114.3 மி.மீ. வீலை பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

● நட்டிலும் அதே கதை. மற்ற டொயோட்டா கார்களில் பெரும்பாலும் மரை இடைவெளி 1.5 மி.மீ.; 86-இல் 1.25. மாற்றிப் போட்டால் ஒன்றிரண்டு சுற்று ஏறி இறுகிக்கொள்ளும். ஸ்பேனரால் இன்னும் அழுத்தினால் போல்ட்டின் மரையே போய்விடும். முதல் சில சுற்றுகளைக் கையால் திருகுங்கள். கைக்கு ஏறாத நட் அந்த வண்டிக்கு உரியதல்ல.

● டொயோட்டா 86-இல் வீலின் நடுத்துளை பொருந்தும் ஹப்பின் விட்டம் 56.1 மி.மீ. வெளிச்சந்தை வீல்களின் நடுத்துளை பலவற்றில் 73.1. இடைவெளியை அடைக்க ஹப் ரிங் போடாவிட்டால் வீல் நடுமையத்தில் உட்காராமல் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கலாம்.

● ஆஃப்செட் என்பது, வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பதியும் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்ற அளவு. அது 48-க்குப் பதில் 35 என்றால், அதே அகலத்திலும் வீல் 13 மி.மீ. வெளியே தள்ளும்.

● வீலைக் கவிழ்த்துப் பாருங்கள். ஜே.டபிள்யூ.எல். முத்திரை, ஜப்பான் தரப்படி தயாரிப்பாளரே சோதித்ததற்கு அடையாளம். வி.ஐ.ஏ. என்றால் வெளி அமைப்பும் சோதித்திருக்கிறது. எனக்கு அதைவிட முக்கியம், எத்தனை கிலோ தாங்கும் என்ற எண். அதிகம் சுமக்கும் அச்சுக்கு அனுமதித்த எடையில் பாதியாவது அது இருக்க வேண்டும். அந்த எண்ணைச் சொல்லத் தெரியாத கடையில் வீல் வாங்க வேண்டாம்.

● புது வீல் மாட்டி 80 முதல் 100 கி.மீ. ஓடியதும், வீல் ஆறிய பிறகு, டார்க் ரெஞ்சால் நட்டுகளை மறுபடி சரிபாருங்கள். பெயின்ட் அமுங்கி அவை தளர்ந்திருக்கக்கூடும்.