வீட்டிலேயே ஓர் ஆம்பிளிபயர்

கைபேசியில் பாட்டு ஓடுகிறது. பக்கத்தில் இருந்தால் கேட்கிறது. சற்றுத் தள்ளிப் போனால் கேட்பதில்லை. சத்தத்தைப் பெரிதாக்க ஒரு கருவி வேண்டும். அதுதான் ஆம்பிளிபயர்.

இதை வீட்டிலேயே செய்யலாம். மும்பையில் லேமிங்டன் ரோடு, தில்லியில் லஜபதி ராய் மார்க்கெட், பெங்களூரில் எஸ்.பி. ரோடு, சென்னையில் ரிச்சி தெரு ஆகிய இடங்களில் இதற்கான பாகங்கள் சில்லறையாகக் கிடைக்கின்றன.

ஆனால் செய்து முடிப்பது பாதி வேலைதான். பழுதைக் கண்டுபிடிப்பது மீதிப் பாதி. அவசரப்பட்டால் பாகங்கள் புகைந்துவிடும். பணமும் போகும், ஆர்வமும் போகும்.

சத்தம் எப்படிப் பெரிதாகிறது?

ஏரி நிறையத் தண்ணீர் இருக்கிறது. ஒருவர் மதகைத் திறந்து மூடுகிறார். அவருடைய பலம் கொஞ்சம். பாயும் தண்ணீரின் பலம் அதிகம்.

ஆம்பிளிபயரும் அப்படித்தான். கைபேசியிலிருந்து வரும் மின்சாரம் மிகச் சிறியது. அது மதகைத் திறக்கும் ஆள். டிரான்ஸ்பார்மர் தரும் மின்சாரம் ஏரித் தண்ணீர். ஸ்பீக்கரை அசைப்பது அதுவே. இடையில் மதகாக இருப்பது ஐ.சி.

என்னென்ன வேண்டும்?

டி.டி.ஏ. 2003 என்ற ஐ.சி. இதற்கு ஏற்றது. கார் ரேடியோவுக்காக வந்தது. இதற்கு 5 கால்கள் உண்டு. ஐ.சி.யும் சிறு பாகங்களும் வைத்த பலகை தனியாகக் கிடைக்கும்.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர் அதைக் குறைக்கிறது. 4 டயோடுகள் மின்சாரத்தை ஒரே திசையில் ஓட வைக்கின்றன. 25 வோல்ட், 4700 மைக்ரோபாரட் கெபாசிட்டர் அதைச் சீராக்குகிறது. முடிவில் சுமார் 15 வோல்ட் கிடைக்கும். இந்த ஐ.சி. 18 வோல்ட் வரை வேலை செய்யும். அதனால் இதைவிட அதிக வோல்ட் டிரான்ஸ்பார்மர் போடக் கூடாது.

ஐ.சி. சூடாகும். அதை ஓர் அலுமினியத் தகட்டில் திருகி வைக்க வேண்டும். 230 வோல்ட் வரும் வழியில் அரை ஆம்பியர் பியூஸ் வேண்டும். இணைப்புகள் வெளியே தெரியாமல் மூடியிருக்க வேண்டும்.

டயோடில் ஒரு கோடு இருக்கும். கெபாசிட்டரில் கழித்தல் குறி இருக்கும். இவற்றைப் பார்த்துப் பொருத்த வேண்டும். கெபாசிட்டரை மாற்றி வைத்தால் வெடிக்கவும் கூடும்.

முதலில் சீரிஸ் பல்பு

எல்லாம் பொருத்தியாயிற்று. நேராக பிளக்கில் சொருகக் கூடாது. 40 வாட் இழை பல்பு ஒன்றை முதலில் இணைக்க வேண்டும். பிளக்கிலிருந்து வரும் இரண்டு கம்பிகளில் ஒன்றை வெட்டி, அந்த இடையில் பல்பைச் சேர்ப்பார்கள். இதுவே சீரிஸ் பல்பு. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது.

சுவிட்சைப் போட்டதும் பல்பு ஒரு நொடி எரிந்து மங்கினால் நல்லது. பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். உடனே நிறுத்த வேண்டும். மின்சாரத்தை பல்பு தடுத்துவிடுவதால் பாகங்கள் பெரும்பாலும் தப்பிவிடும். சோதனை முடிந்ததும் பல்பை எடுத்துவிடலாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்த பல்பு பாகங்களைக் காக்கும். ஆளைக் காக்காது. பல்பு இருந்தாலும் 230 வோல்ட் கம்பியைத் தொட்டால் உயிர் போகும். பிளக்கைக் கழற்றிய பிறகுதான் உள்ளே கை வைக்க வேண்டும்.

பழுதைத் தேடுவது எப்படி?

ஊகத்தில் பாகங்களை மாற்றக் கூடாது. மின்சாரம் வரும் வழியே தேடிப் போக வேண்டும். ஒரு மல்டிமீட்டர் போதும். அதை 15 வோல்ட் பக்கத்தில் மட்டும் வைத்துப் பார்க்க வேண்டும்.

சத்தமே இல்லையா? பெரிய கெபாசிட்டரில் 15 வோல்ட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லை என்றால் பழுது பியூஸ், டிரான்ஸ்பார்மர், டயோடு இவற்றில் இருக்கும்.

15 வோல்ட் இருந்தால் ஐ.சி.யின் 4ஆம் காலைப் பார்க்க வேண்டும். அதில் பாதி, அதாவது ஏழு ஏழரை வோல்ட் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் ஐ.சி. பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. ஸ்பீக்கரையும் கம்பிகளையும் பார்க்கலாம். பாதி வரவில்லை என்றால் முதலில் ஈயப் பற்றுகளைப் பார்க்க வேண்டும். பிறகே ஐ.சி.யைச் சந்தேகப்பட வேண்டும்.

‘உம்’ என்று இரைகிறதா? வால்யூமை முழுவதும் குறைக்க வேண்டும். அப்போதும் இரைந்தால் பெரிய கெபாசிட்டர் பழுது. இரைச்சல் நின்றால் கைபேசியிலிருந்து வரும் கம்பியில் வெளிவலை அறுந்திருக்கும்.

சற்று நேரம் பாடி நின்றுவிடுகிறதா? ஆறியதும் மீண்டும் பாடுகிறதா? ஐ.சி. அதிகம் சூடாகித் தானே நின்றுகொள்கிறது. தகட்டின் திருகு தளர்ந்திருக்கலாம். ஸ்பீக்கர் கம்பிகள் ஒன்றை ஒன்று தொடலாம்.

நினைவில் வைக்க

1. முதலில் சீரிஸ் பல்பு. பிறகுதான் நேர் மின்சாரம்.
2. பிளக்கைக் கழற்றாமல் உள்ளே கை வைக்கக் கூடாது.
3. அளந்து பார்த்த பிறகே பாகத்தை மாற்ற வேண்டும்.

இந்த வழக்கம் கைக்கு வந்தால், ரேடியோ, டி.வி. பழுது பார்க்கும் வேலைக்கும் அதுவே முதல் படி.