கலைவிழாவின் வளர்ச்சியும் கிராமத்தின் தேய்வும்
எச்சிகோ-சுமாரி அனுபவம் பற்றிய சில குறிப்புகள்

கலைவிழாவொன்றின் வளர்ச்சியை வருவோர் தொகை கொண்டு அளவிடுதல் பொதுவழக்கு. ஆயின், அவ்வளர்ச்சிக்கும் விழா நடைபெறும் மண்ணில் வாழும் மக்களுக்குமுள்ள உறவினை ஆராயும்போதே அதன் சமூகப் பொருள் புலனாகும். யப்பானின் நீகாட்டா மாகாணத்தில், தோகாமச்சி நகரையும் சுனான் சிற்றூரையும் உள்ளடக்கிய எச்சிகோ-சுமாரிப் பகுதியில் 2000 ஆம் ஆண்டு தொடங்கிய மூவாண்டுக் கலைவிழாவை இந்நோக்கில் அணுகுவோம்.

ஏறக்குறைய 760 சதுர கிலோமீற்றர் பரப்புடைய இப்பகுதி கடும்பனிக்குப் பேர்போனது. நெற்செய்கையாலும் பட்டு நெசவாலும் வாழ்ந்தது. இரண்டாம் உலகப் போரின்பின் யப்பானிய முதலாளித்துவம் பெருநகரங்களில் குவிந்து வளர்ந்தபோது, இங்குள்ள இளைஞரின் உழைப்பு அந்நகரங்களுக்கு ஈர்க்கப்பட்டது. 1970களில் அரசு நடைமுறைப்படுத்திய நெற்பரப்புக் குறைப்புக் கொள்கை எஞ்சியோரையும் தளர்த்தியது. எனவே, கைவிடப்பட்ட வீடுகளும் மூடப்பட்ட பாடசாலைகளும் தற்செயலாக நேர்ந்தவையல்ல. சமனற்ற வளர்ச்சியின் விளைவுகளாகும்.

விழா மக்களிடமிருந்து தானே முகிழ்த்ததன்று. மாகாண அரசின் பிரதேச அபிவிருத்தித் திட்டத்தின் பகுதியாகவே அது உருவாயிற்று. பொதுப்பணத்தைக் கலைக்குச் செலவிடுதலை உள்ளூர் மன்றங்களிலும் கிராமங்களிலும் பலர் எதிர்த்தனர். நெறியாளர் பிராம் கித்தகாவா ஆண்டுக்கணக்கில் கூட்டங்கள் நடத்தி அவர்களுடன் வாதிட நேர்ந்தது. இவ்வெதிர்ப்பை அறியாமையெனத் தள்ளிவிடலாகாது. நிலத்துக்குரியோரின் இசைவைக் கலைஞன் வேண்டி நிற்கும் புதியதோர் உறவு இதனூடாகவே தோன்றியது.

இல்யா, எமிலியா கபாகோவ் இருவரும் மற்சுடாயில் அமைத்த படைப்பு இதற்குச் சான்று. படிமுறை வயல்களில் உழவரின் பருவகாலத் தொழில்களைக் காட்டும் உருவங்கள் நிற்கின்றன. வயலுக்குரிய முதிய உழவர் செய்கையைக் கைவிட எண்ணியிருந்தவர், முதலில் தயங்கினார். பின்னர் இசைந்ததோடு, மேலும் சில ஆண்டுகள் அவ்வயலிற் பயிரிட்டார். இங்கு உழைப்பு கலைக்குப் பின்னணியன்று; அதன் உள்ளடக்கமேயாகும். 2004 ஒக்டோபரில் ஏற்பட்ட நிலநடுக்கத்தின்போது விழாவின் தொண்டர்கள் மீட்புப் பணியில் இறங்கியமை இவ்வுறவை வலுப்படுத்தியது.

எனினும் முரண்பாடு தீர்ந்துவிடவில்லை. 2000 இல் ஏறக்குறைய 1,60,000 ஆகவிருந்த வருவோர் தொகை 2018 இல் 5,40,000 ஐக் கடந்தது. ஆனால் 2005 இல் 62,000 அளவிலிருந்த தோகாமச்சியின் சனத்தொகையோ 2020 இல் 50,000 இற்கும் கீழே இறங்கியது. விழா வளரக் கிராமம் தேய்ந்தது. மேலும், நகரத்து இளைஞரின் ஊதியமற்ற தொண்டினை விழா பெரிதும் சார்ந்துள்ளது என்பதும், கைவிடப்பட்ட வீட்டின் துயரம் சுற்றுலாப் பயணியின் நுகர்பொருளாகிவிடலாம் என்பதும் மறுக்கவியலாதவை.

உற்பத்தி உறவுகளால் விளைந்த தேய்வைக் கலைவிழா தடுத்து நிறுத்தும் என எதிர்பார்த்தல் கருத்துமுதல்வாத மயக்கமாகும். அதனாலேயே விழா பயனற்றதென முடிவு செய்தலும் இயந்திரப் பாங்கானது. தமது உழைப்பின் வரலாற்றைத் தாமே எடுத்துரைக்கவும், வேண்டாதவிடத்து மறுக்கவும் மக்களுக்குள்ள ஆற்றலை அது எவ்வளவிற்கு வளர்த்தது என்பதே நாம் கொள்ளவேண்டிய அளவுகோல். அத்தகைய விழாக்களை மதிப்பிடுவோர் வந்தவர்களை எண்ணுவதோடு அமையாது, அங்கேயே தங்கியிருப்போரின் குரலையும் கேட்டல் வேண்டும்.