சூடா இருக்கும்போது அளக்காதீங்க

லேத்தில் வேலை முடிந்த உடனே மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் அளவு கச்சிதமா இருக்கும். அரை மணி கழிச்சு அதே ஷாஃப்டை அளந்தா குறைஞ்சிருக்கும். கருவியில் கோளாறு இல்லை. உலோகம் ஆறிவிட்டது.

ஒரு மீட்டர் எஃகு ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 11.5 மைக்ரான் நீளும். ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதெல்லாம் ஒரு அளவா என்று தோணும். ஆனா ரிப்பேருக்கு வரும் பம்பின் 50 மி.மீ. ஷாஃப்டை எடுத்துக்குவோம். பேரிங் உட்காரும் இடத்துக்கு வரைபடத்தில் கே6 என்று போட்டிருந்தால், 50.002-க்கும் 50.018-க்கும் நடுவில் நிற்கணும். மொத்த இடமே 16 மைக்ரான். ஜாப் 20 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தா அதில் 11 மைக்ரானுக்கு மேல் பொய். 50.010 என்று திருப்தியா கழட்டினது ஆறியதும் 50-க்குக் கீழே போயிடும். அப்புறம் பேரிங்கின் உள்வளையம் ஷாஃப்ட் மேல் மெல்ல வழுக்கிச் சுற்றி அந்த இடத்தையே தேய்த்துவிடும். பம்பு மறுபடி பட்டறைக்கு வரும். விவசாயிக்குத் தண்ணி நின்னு போகும். அதனால கடைசிக் கட்டுக்கு முன்னாடி நான் டீ குடிக்கப் போயிடுவேன். ஜாப் ஆறணுமே.

நீள அளவுகளுக்கு 20 டிகிரிதான் அடிப்படை என்று 1931-ல் உலக அளவில் முடிவானது. கோவைப் பட்டறையில் கோடைக்கு 35 டிகிரி இருக்குமே என்பீங்க. ஜாபும் எஃகு, மைக்ரோமீட்டரும் எஃகு; ரெண்டும் ஒரே சூட்டில் இருந்தா ஒரே விகிதத்தில் நீளும், கணக்கு நேராகிவிடும். அலுமினியத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. அது எஃகைவிட இரண்டு மடங்கு நீளும். அதுக்கு மட்டும் சுவரில் மாட்டியிருக்கும் வெப்பமானியைப் பார்த்துக் கழிப்பேன்: 35 டிகிரியில், 100 மி.மீ.க்குச் சுமார் 17 மைக்ரான்.