பயிற்சிக்குப் பணம் கட்டுமுன்: சந்தேகங்களும் விளக்கங்களும்

பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வெளியாகும் வாரத்தில் கோலா சுங்கை பாரு ஊரின் ஒட்டுக்கடை மேசைகளில்கூடப் பயிற்சி வகுப்பு விளம்பரத் தாள் கிடக்கும். வாட்சாப்பிலும் அதே தாள் சுற்றிச் சுற்றி வரும். பிள்ளையை எதில் சேர்ப்பது, எப்போது சேர்ப்பது, கட்டும் பணம் வீண்போகாதா என்று பெற்றோரும் தோட்டத்து ஆட்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றில் சில இங்கே.

சந்தேகம்: "அரசாங்கப் பதிவு பெற்றது" என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். நம்பிப் பணம் கட்டலாமா?

விளக்கம்: பதிவில் பல வகை உண்டு. எஸ்.எஸ்.எம். என்னும் வணிகப் பதிவு மளிகைக்கடைக்கும் இருக்கிறது. பாடத்தின் தரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. நீங்கள் பார்க்க வேண்டியது அங்கீகாரம். திறன் பயிற்சி என்றால் மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டுத் துறை, அதாவது ஜே.பி.கே., அங்கீகரித்திருக்க வேண்டும். 2006-ஆம் ஆண்டின் 652-ஆவது சட்டத்தின்படி எஸ்.கே.எம். என்னும் மலேசியத் திறன் சான்றிதழை வழங்குவது அந்தத் துறைதான். கல்லூரி டிப்ளோமா, பட்டப்படிப்பு என்றால் 2007-இல் அமைக்கப்பட்ட மலேசியத் தகுதி முகவாண்மை, அதாவது எம்.கியூ.ஏ., அங்கீகரிக்க வேண்டும்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. அங்கீகாரம் கட்டடத்துக்குக் கொடுப்பதில்லை, பாடத்துக்குக் கொடுப்பது. ஒரே மையத்தில் வெல்டிங் இரண்டாம் நிலைக்கு அங்கீகாரம் இருக்கும். பக்கத்து அறையில் நடக்கும் குளிர்சாதனப் பழுதுபார்ப்புக்கு இருக்காது. ஒரே பாடத்துக்கே நகரத்துக் கிளையில் இருக்கும். நேற்றுத் திறந்த கிளையில் இருக்காது. இருக்கும் அங்கீகாரத்துக்கும் முடியும் தேதி இருக்கலாம். ஆகவே பாடத்தின் குறியீட்டு எண், நிலை, அங்கீகாரம் முடியும் தேதி மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஜே.பி.கே.யின் மைஸ்பைக் தளத்திலும் எம்.கியூ.ஏ.யின் எம்.கியூ.ஆர். பதிவேட்டிலும் கைப்பேசியிலேயே தேடிப் பார்க்கலாம். பிள்ளை படித்து முடிக்கும் முன்பே அங்கீகாரம் முடிவதாக இருந்தால், புதுப்பிக்க விண்ணப்பித்த கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

என் உறவுக்காரப் பையன் ஒருவன் ஆறு மாதம் படித்துவிட்டு வாங்கி வந்தது, மையமே அச்சடித்த "கலந்துகொண்டார்" சான்றிதழ். கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார்கள். வேலை கேட்டுப் போன இடத்தில் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சந்தேகம்: "எச்.ஆர்.டி. கோர்ப் கிளேம்" செய்யலாம் என்கிறார்களே, அது அங்கீகாரம் இல்லையா?

விளக்கம்: இல்லை. எச்.ஆர்.டி. கோர்ப் என்னும் மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்கு உங்கள் முதலாளி கட்டும் லெவியிலிருந்து அந்தப் பயிற்சிச் செலவை அவர் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் பொருள். பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளி, அவர்களின் மாதச் சம்பளத்தில் ஒரு விழுக்காடு கட்ட வேண்டும். 2021-இல் இந்த லெவிச் சட்டம் விரிவாக்கப்பட்டபோது விவசாயத் துறையும் அதற்குள் வந்துவிட்டது. லெவியைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. இன்னொன்று, முதலாளி பயிற்சி தொடங்குவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். நீங்களாகப் போய்ப் படித்துவிட்டு ரசீதைக் கொண்டுவந்து நீட்டினால் ஆகாது.

சந்தேகம்: வேலைக்குப் போய்க்கொண்டே, சனி ஞாயிறு மட்டும் வந்தால் ஒரே ஆண்டில் டிப்ளோமா என்கிறார்கள். நடக்குமா?

விளக்கம்: கணக்குப் போட்டுப் பாருங்கள். மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்பது மாணவர் செலவிடும் 40 மணி நேரம். வகுப்பு, வீட்டில் படிப்பது, ஒப்படைப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். டிப்ளோமாவுக்குக் குறைந்தது 90 கிரெடிட். ஆக 3,600 மணி நேரம். சனி எட்டு, ஞாயிறு எட்டு என்று 16 மணி நேரம் உட்கார்ந்தாலும் 225 வாரம், அதாவது நாலு ஆண்டுக்கு மேல். ஓர் ஆண்டில் முடிக்க வேண்டுமானால் வாரத்துக்கு 69 மணி நேரம் படிக்க வேண்டும், அதுவும் வேலை போக. வார இறுதியோடு தினமும் இரவில் கொஞ்சம் படித்தால் மூன்று, நான்கு ஆண்டில் முடிக்கலாம். அப்படி முடித்தவர்கள் இருக்கிறார்கள். ஓர் ஆண்டு என்று சொல்பவரிடம் கிரெடிட் எத்தனை என்று மட்டும் கேளுங்கள்.

சந்தேகம்: எஸ்.பி.எம். முடிவு வந்த பிறகு விண்ணப்பித்தால் போதாதா?

விளக்கம்: தாமதமாகிவிடலாம். முடிவு வெளியாகும் தேதியே கடந்த சில ஆண்டுகளாக ஒரு நிலையில் இல்லை. 2022-இல் ஜூன் 16, 2023-இல் ஜூன் 8, 2024-இல் மே 27, 2025-இல் ஏப்ரல் 24. கோவிட் காலத்தில் மார்ச்சுக்குத் தள்ளிப்போன பள்ளி ஆண்டு 2026-இல்தான் மறுபடி ஜனவரிக்குத் திரும்பியது. அதனால் அண்ணன் சேர்ந்த மாதத்தை வைத்துத் தம்பிக்குக் கணக்குப் போடாதீர்கள். பல்கலைக்கழகம், பாலிடெக்னிக், சமூகக் கல்லூரி ஆகியவற்றுக்கான யு.பி.யு. விண்ணப்பம் வழக்கமாக முடிவுக்கு முன்பே திறந்துவிடும். முடிவு வந்ததும் திருத்திக்கொள்ளலாம். அரசாங்கத் திறன் பயிற்சி நிலையங்களுக்கு யு.பி. டிவெட் தளம் தனியாக இருக்கிறது.

சந்தேகம்: மகன் மலாய்ப் பாடத்தில் தவறிவிட்டான். இனி வழி இல்லையா?

விளக்கம்: மலாய், வரலாறு இரண்டில் ஒன்றில் தவறினாலும் எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைக்காது என்பது உண்மை. இரண்டையும் மறுதேர்வில் எழுதலாம். அதுவரை வீட்டில் இருக்க வேண்டியதில்லை. எஸ்.கே.எம். தொடக்க நிலைக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். பக்கத்து மஸ்ஜித் தானாவிலேயே கியாட்மாரா திறன் பயிற்சி நிலையம் இருக்கிறது. "அது மலாய்க்காரர்களுக்கு மட்டும்தானே?" என்று கேட்காத தோட்டமே இல்லை. இல்லை, எல்லா இனத்தாரும் சேரலாம். மஸ்ஜித் தானா சமூகக் கல்லூரியில் தையல், கேக் செய்வது போன்ற குறுகிய பயிற்சிகளும் நடக்கும், அம்மாமார்களும் போகலாம். டாபோ நானிங்கில் உள்ள அட்டெக் தொழில்நுட்பப் பயிற்சி நிலையம் கொஞ்சம் தூரம், ஆகவே விடுதி உண்டா என்று கேட்டுக்கொண்டு போவது நல்லது.

எஸ்.கே.எம்.-இல் சேர்பவர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: அது ஒரு நாள் பரீட்சை எழுதுவதோடு முடிவதில்லை. வேலையை ஒவ்வொன்றாகச் செய்துகாட்ட வேண்டும். செய்யத் தெரிகிறதா, இன்னும் தெரியவில்லையா என்று மையத்தின் மதிப்பீட்டாளர் குறிப்பார், உள் சரிபார்ப்பாளர் பார்ப்பார், கடைசியில் ஜே.பி.கே. நியமித்த வெளிச் சரிபார்ப்பாளர் வந்து பார்ப்பார். அவர் பார்த்து முடிக்காமல் சான்றிதழ் வராது. "வெளிச் சரிபார்ப்பு எந்த மாதம்?" என்று சேரும்போதே கேட்பவர் குறைவு.

சந்தேகம்: மகன் சம்பாதிக்கவும் வேண்டும், படிக்கவும் வேண்டும். வழி உண்டா?

விளக்கம்: எஸ்.எல்.டி.என். என்னும் இரட்டைப் பயிற்சி முறையை விசாரியுங்கள். பயிற்சியில் 70 முதல் 80 விழுக்காடு தொழிற்சாலையிலோ பட்டறையிலோ நடக்கும், மீதி வகுப்பில். வாரத்தில் ஒரு நாள் வகுப்பு, அல்லது சில வாரம் சேர்ந்தாற்போல வகுப்பு என்று இரு விதமாக நடத்துவார்கள். மாத அலவன்ஸ் எவ்வளவு என்பது நிறுவனத்தோடு போடும் ஒப்பந்தத்தில் இருக்கும். கையெழுத்துக்கு முன் படியுங்கள்.

சந்தேகம்: தோட்டப் பட்டறையில் இருபத்தைந்து வருடமாக டிராக்டர் பழுதுபார்க்கிறேன். கையில் ஒரு காகிதமும் இல்லை. இந்த வயதில் வகுப்பில் உட்கார வேண்டுமா?

விளக்கம்: வேண்டியதில்லை, ஐயா. உங்களைப் போன்றவர்களுக்காகவே பி.பி.டி. என்னும் அனுபவ அங்கீகார முறை இருக்கிறது. செய்த வேலைகளின் படங்கள், முதலாளியின் கடிதம், சம்பளச் சீட்டு, வேலைக் குறிப்பு இவற்றைக் கோப்பாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மதிப்பீட்டாளர் கேள்வி கேட்பார், செய்துகாட்டச் சொல்வார். அந்தத் தொழிலுக்குத் தேசியத் திறன் தரம் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. இன்றிலிருந்தே வேலையைப் படம் எடுத்து வையுங்கள். பழைய வேலைக்கு ஆதாரம் தேடி அலைவதுதான் பலருக்குச் சிரமமாகிறது.

சந்தேகம்: தோட்டத்தில் பயிற்சி வைத்தார்கள். முடிவில் "திருப்தியா?" என்று ஒரு பாரம். எல்லாரும் டிக் அடித்தோம். அதுதான் மதிப்பீடா?

விளக்கம்: அது முதல் படி மட்டும். அமெரிக்கர் டொனால்ட் கிர்க்பேட்ரிக் 1959-இல் எழுதத் தொடங்கிய நான்கு படிக் கணக்கை உலகம் முழுதும் பயிற்சித் துறையினர் இன்னும் பயன்படுத்துகிறார்கள். செம்பனை வெட்டுக்கு அதைப் பொருத்திப் பார்க்கலாம். பயிற்சி பிடித்ததா என்பது ஒன்று. பழுத்த குலை எது என்று சொல்லத் தெரிகிறதா என்பது இரண்டு. மூன்று மாதம் கழித்தும் அதைப் பார்த்துத்தான் வெட்டுகிறாரா என்பது மூன்று. ஆலைக்குப் போகும் லாரியில் காய்க்குலை குறைந்ததா என்பது நான்கு. பெரும்பாலான தோட்டங்கள் முதல் படியோடு, பலகாரம் கொடுத்து, படம் எடுத்து முடித்துவிடுகின்றன என்பது என் கணிப்பு. பயிற்சி வைக்கும் நாளும் தப்பாகிவிடுகிறது. மகசூல் கூடும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை ஆளைப் பிடித்து உட்காரவைத்தால் அவர் மனம் வெட்டாத குலையில்தான் இருக்கும். அன்றைய கூலி போகும் என்றால் வரவே மாட்டார். மகசூல் குறையும் மாதத்தில், கூலி பிடிக்காமல் வையுங்கள் என்று நிர்வாகத்திடம் தொழிற்சங்கம் வழியாகக் கேட்கலாம்.

சந்தேகம்: இவ்வளவும் கேட்டால் மையத்தில் கோபித்துக்கொள்ள மாட்டார்களா?

விளக்கம்: கோபித்துக்கொண்டால் அங்கே சேர வேண்டாம். கட்டணப் பட்டியல், பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், வகுப்பு தொடங்கும் தேதி இவற்றை எழுத்தில் தர மறுக்கும் இடத்துக்கு ஒரு வெள்ளிகூட முன்பணம் கட்டாதீர்கள்.