எரிமலைப் பாறைகள் இரண்டும் அவை தரும் மண்ணும்

எரிமலைக் குழம்பினால் உண்டான நிலம் வளமிக்கது என்பது பலரும் நம்பி வரும் கொள்கை. இது முழுதும் பொய்யன்று. ஆயினும் முழுதும் மெய்யுமன்று. குழம்பில் அடங்கிய சத்துக்களைப் பொறுத்தே அது இறுகி உண்டாகும் பாறையும், அப்பாறை சிதைந்து உண்டாகும் மண்ணும் அமைகின்றன. இதனை விளக்க இந்தியாவிலேயே இரண்டு பாறைகள் உள்ளன. ஒன்று, தக்காணத்துப் பசால்ட். மற்றொன்று, இராஜஸ்தானத்தில் ஜோத்பூரைச் சூழ்ந்துள்ள மாலானி ரையோலைட்.

தோற்றம்

பசால்ட் சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நிலப் பிளவுகளின் வழியே பொங்கிப் பரவியது. மஹாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், குஜராத் முதலிய பிரதேசங்களில் ஏறக்குறைய 5 லட்சம் சதுர கிலோமீட்டர் நிலத்தை அது மூடியுள்ளது. மாலானி ரையோலைட் அதனினும் மிகப் பழையது. சுமார் 75 கோடி ஆண்டு வயதுடையது. ஜோத்பூர் மெஹ்ரான்கர் கோட்டை நிற்கும் குன்று இப்பாறையே.

சத்துக்கள்

சிலிகா என்னும் மணற்சத்து பசால்ட்டில் நூற்றுக்குச் சுமார் 50 பாகமும், ரையோலைட்டில் 70 பாகம் அளவிலோ அதற்கு மேலோ உண்டு. பசால்ட்டில் சுண்ணாம்பு, மக்னீசியம், இரும்பு ஆகிய மூன்றும் மிகுதி. ரையோலைட்டில் இவை சொற்பம். சாம்பற் சத்து மட்டும் ரையோலைட்டிலேயே பன்மடங்கு அதிகம். ஆயினும் அது எளிதில் கரையாத கனிப்பொருள்களில் அடைபட்டுக் கிடப்பதால் பயிருக்கு விரைவில் கிட்டுவதில்லை.

மண்

பசால்ட் ஈரத்தில் விரைவாகச் சிதைந்து நுண்ணிய களியாகும். இக்களி நீரை உண்டு உப்பும்; வறண்டால் பாளம் பாளமாக வெடிக்கும். மழை நின்ற பின்னும் ஈரத்தைக் காத்துப் பருத்தியையும் சோளத்தையும் வளர்ப்பது இதன் சிறப்பு. ரையோலைட்டிலுள்ள பளிங்குக்கல்லோ சிதையாது மணலாகவே நிற்கும். எனவே அதன் மேற்படும் மண் பெரும்பாலும் பரும்படியாகவும் ஆழமற்றும் இருக்கும். ஜோத்பூரில் மழைக்குறைவும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறத்தலாகாது.

பசால்ட் நிலமும் குறையற்றதன்று. தழைச்சத்து அப்பாறையிலிருந்து கிடைப்பதன்று; தொழுவுரத்தாலும் பசுந்தாள் உரத்தாலும் அதனை ஊட்டியே ஆக வேண்டும்.

கவனிக்க வேண்டியது

பசால்ட் தூளை வயலில் இடும் சோதனைகள் தற்காலத்தில் பல தேசங்களில் நடைபெறுகின்றன. இதனைக் கேள்வியுற்று, அருகிலுள்ள கல்லுடைக்கும் ஆலையின் தூளை வண்டி வண்டியாக வாங்கிக் கொட்டுதல் வீண் செலவாக முடியலாம். தமிழ்நாட்டில் கருங்கல் என வழங்குவன பெரும்பாலும் சார்னோகைட், நைஸ் போன்றவை. பூமியின் ஆழத்தில் உருவானவை. எரிமலைப் பாறைகள் அல்ல. தென்னாட்டுக் கரிசலிலும் பெரும்பகுதி நைஸ் சிதைந்து உண்டானதே. ஆகவே கல்லின் கருமையோ, மண்ணின் கருமையோ பசால்ட்டுக்குச் சான்றாகாது.

பசால்ட் கரிய நிறமும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மணிகளும், கைக்கு நல்ல கனமும் உடையது. மாலானி ரையோலைட் செந்நிறமோ பழுப்போ கொண்டு, கனம் குறைந்திருக்கும். தூளாகிவிட்டால் இவ்வடையாளங்கள் எளிதில் புலப்படா. ஆதலின் தூள் எப்பாறையினது என்று விசாரித்தறிந்து, நிலத்து மண்ணையும் பரிசோதனைக்கு அனுப்பி, முதலில் ஒரு சிறு பாத்தியில் இட்டு, இடாத பாத்தியோடு சில போகங்கள் ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். பாறை மெல்லவே சத்தைக் கொடுக்கும். குடியானவரும் அவசரமின்றி, கண்ட பலனைக் கொண்டே முடிவு செய்தல் வேண்டும்.