கால்வாயின் மேல் ஒரு மாளிகை: கிளீவ்லாந்து ஹவுஸ், பாத்

கால்வாய்க் கரையில் வீடு கட்டுவது வழக்கம். இங்கே கால்வாயின் தலைமேலேயே கட்டியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் பாத் நகரில், சிட்னி கார்டன்ஸ் பூங்காவை ஒட்டி, கென்னட்-ஏவன் கால்வாயின் சுரங்கப் பாதை மீது நிற்கிறது கிளீவ்லாந்து ஹவுஸ்.

1810களின் பிற்பகுதியில் எழுந்த இந்தக் கட்டடத்தை வடிவமைத்தவர் பாத் நகரக் கட்டடக் கலைஞர் ஜான் பிஞ்ச் என்று கருதப்படுகிறது. செதுக்கிச் சீராக அடுக்கிய தேன் நிறப் பாத் கல், ஒழுங்காக அணிவகுக்கும் சன்னல்கள், மட்டான அலங்காரம்: எல்லாம் ஜார்ஜியப் பாணியின் இலக்கணம்.

கால்வாய் நிறுவனத்தின் தலைமை அலுவலகமாக இருந்தது இந்த இடம்தான். சுரங்கத்தின் கூரையில் ஒரு துவாரம் உண்டு. மேலே இருந்த கணக்கர்களும் கீழே வந்த படகுக்காரர்களும் அதன் வழியாகவே சீட்டுகளையும் கடிதங்களையும் கைமாற்றிக்கொண்டதாகச் சொல்வார்கள்.

பூங்கா 1795இல் திறக்கப்பட்டது. அதன் குறுக்கே கால்வாய் வெட்ட இசைந்த உரிமையாளர்கள் 2,000 கினி பெற்றார்கள்; பாலங்கள் அழகாக இருக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். 1800ஆம் ஆண்டைச் சேர்ந்த இரண்டு இரும்பு நடைபாலங்கள் இன்றும் அங்கே உள்ளன.

பொறியாளர் ஜான் ரென்னியின் திட்டப்படி 1810இல் கால்வாய் முழுவதும் திறக்கப்பட்டு, பிரிஸ்டலும் ரெடிங்கும் நீர்வழியால் இணைந்தன. 1852இல் அது கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் கைக்குப் போனது.